கடற்கரை ஓட்டலில் ஒரு சைவச் சாப்பாடு

மலர்க் குழுத் தம்பிகள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "சார், ஹிஸ்டரி எழுதுங்க. ஆனா ராஜா, போர், வருஷம்னு போரடிக்காம எழுதுங்க" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக் கொடுத்தவனிடம் வருஷம் வேண்டாம் என்றால் எப்படி? வருஷங்கள் வரத்தான் செய்யும். ராஜாவை வேண்டுமானால் விட்டுவிட்டு ரசத்தை எடுத்துக்கொள்கிறேன்.

நம் கல்லூரியில் படித்த யாருக்கும் மெரினா புதிதல்ல. திருவல்லிக்கேணியும் புதிதல்ல. கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே வந்தால், மேன்ஷன்களுக்கு நடுவே இருக்கும் சாதாரண சைவ ஓட்டல்களையும் மெஸ்களையும்தான் சொல்கிறேன். ஏ.சி. கிடையாது. மெனு கார்டு கிடையாது. கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். பந்தி முடியும்வரை சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவர் மோர் சாதத்துக்கு வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பதில் நாம் எல்லோருமே கெட்டிக்காரர்கள்.

சாப்பாடும் நினைவிருக்கும். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு, ஊறுகாய். பிறகு பொரியல், கூட்டு, அப்பளம். மலை மாதிரி சாதம், அதில் குழி வெட்டிச் சாம்பார். அடுத்து வற்றல் குழம்பு, ரசம், மோர். "தம்பி, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டா?" என்று சர்வர் கேட்கிற கேள்விக்கு ஹாஸ்டல் பையன் ஒருவனும் "வேண்டாம்" என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும், அந்த இலையில் கடலிலிருந்து வந்த பொருள் ஒன்றே ஒன்றுதான், அது உப்பு.

இந்தச் சாப்பாட்டில் என்ன வரலாறு இருக்கிறது என்று கேட்கலாம். அந்த இலைக்கு முன்னால் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மணல் வந்த கதை

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இவ்வளவு அகலமான மணல் பழைய சென்னையில் கிடையாது. 1870களில் துறைமுகம் கட்டும் வேலை தொடங்கியது. இந்தக் கரையில் கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் அதைக் குறுக்கே மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. நமக்குக் கிடைத்த பீச் ராயபுரத்துக்காரர்கள் இழந்த கரைதான் என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு.

கவர்னர் கிராண்ட் டஃப் காலத்தில், 1884-ல், கடற்கரை நடைபாதை அமைந்தது. சிசிலித் தீவின் நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அதற்கு முன்பே சிஷோம் கட்டிய மாநிலக் கல்லூரிக் கட்டிடமும் செனட் ஹவுஸும் கடலைப் பார்த்து எழும்பிவிட்டன. ஆக, கல்லூரியும் பல்கலைக்கழகமும் கடற்கரையும் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றோடு இன்னொன்றும் வந்தது: ஊரைவிட்டு வந்த மாணவன், குமாஸ்தா, கோர்ட்டுக்கு வந்த கட்சிக்காரன் ஆகியோரின் பசி.

காசுக்குச் சோறு

நம் தாத்தாக்கள் காலத்தில் சோற்றை விற்பது கௌரவமான தொழில் இல்லை. வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது. சத்திரத்தில் இலவசமாகப் போட்டார்கள், அதுவும் பெரும்பாலும் சாதி பார்த்துத்தான். உறவுக்காரர் வீடு இருந்தால் அங்கே. இல்லாவிட்டால் கட்டுச்சோறு. காசு கொடுத்து முன்பின் தெரியாதவர் கையால் சாப்பிடுவது என்பது பெரிய மனமாற்றம். அந்த மாற்றத்தைப் பட்டணம் கட்டாயப்படுத்தியது. 1857-ல் பல்கலைக்கழகம், 1862-ல் உயர்நீதிமன்றம், பிறகு ரயில், அலுவலகங்கள். வந்தவன் எங்கேயாவது சாப்பிட்டாக வேண்டுமே!

இப்படித்தான் காப்பி கிளப்புகளும் சாப்பாட்டு ஓட்டல்களும் பெருகின. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். சமையலறையில் எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். அவருடைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் 1962-ல் வந்து 2008-ல் மூடப்பட்டது. அதில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அரட்டையடித்த பழைய மாணவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள்.

பலகையில் ஒரு சொல்

முன்பின் தெரியாதவர் கையால் சாப்பிட மக்கள் தயங்கினார்கள் அல்லவா, அந்தத் தயக்கத்துக்குப் பதிலாகத்தான் ஓட்டல் வாசலில் ஒரு சொல் ஏறியது. 'பிராமணாள் காப்பி கிளப்', 'பிராமணாள் ஹோட்டல்'. உள்ளே என்ன சமைக்கிறார்கள் என்பதை அந்தப் பலகை நேராகச் சொல்லவில்லை. யார் சமைக்கிறார்கள் என்பதைச் சொன்னது. பல இடங்களில் யார் எங்கே உட்காரலாம் என்பதையும் அதுவே தீர்மானித்தது. பிராமணர்களுக்கு உள்கூடம். மற்றவர்களுக்குத் தனி இடம், அல்லது பார்சல். தாழ்த்தப்பட்டவர்களுக்கு வாசலே கிடையாது.

இது ஓட்டலோடு நிற்கவில்லை. தேசியக் கல்வி கொடுப்பதற்காக வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்கள் இரண்டு பேருக்குத் தனிப் பந்தி போட்ட விஷயம் 1924-25-ல் வெடித்தது. காங்கிரஸ் நிதியில் நடக்கும் பள்ளியில் இப்படியா என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கேட்டார்கள். இரண்டு சிறுவர்களின் இலை மாகாணத்தின் அரசியலையே திசை மாற்றியது என்றால் மிகையில்லை. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளிலும் பிராமணருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம் என்று இருந்தது; பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1941-ல்தான் அது ஒழிந்தது.

ஆண், பெண் விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓட்டலில் பெண் தனியாக வந்து உட்காருவது வெகு காலம் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். திரை போட்ட 'ஃபேமிலி ரூம்' வந்த பிறகும், ஆண் துணையோடு வந்தால்தான் அந்தத் திரைக்குப் பின்னால் இடம். எங்கள் வகுப்பில் படித்த சகோதரிகள் நான்கு பேர். நாங்கள் கூட்டம் கூட்டமாகப் போன மெஸ்ஸுக்குள் மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவர்கள் கால் வைத்ததில்லை. டிபன் பாக்ஸில் என்ன கொண்டுவந்தார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

சட்டம் வந்தது, பலகை போகவில்லை

1950-ல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், பொது உணவு விடுதிகள், ஓட்டல்கள் என்று பெயர் சொல்லியே, அங்கே நுழைவதற்குச் சாதி, மதம், பால் எதுவும் தடையாக இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடை ஏன் வர வேண்டும் என்று மாணவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வரவேண்டிய நிலைமை இருந்தது, அதனால் வந்தது. 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறினால் தண்டனை என்று 1955-ல் தனிச் சட்டமும் வந்தது.

சரி, கதவு திறந்துவிட்டது. பலகை? அது அப்படியே இருந்தது. 1957-ல் திராவிடர் கழகம் அந்தப் பலகையில் கைவைத்தது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் நம் திருவல்லிக்கேணிதான். முரளி கபே என்ற ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும் என்று பெரியார் மறியல் அறிவித்தார். தினமும் தொண்டர்கள் வந்தார்கள், கைதானார்கள். மறுநாள் வேறு தொண்டர்கள் வந்தார்கள். மாதக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போயிற்று.

வரலாற்று மாணவன் இரண்டு பக்கத்தையும் கேட்க வேண்டும். "அந்தச் சொல்லில் சாதிப் பெருமை எதுவும் இல்லை, இது சைவச் சாப்பாடு, சுத்தமான சமையல் என்று ஜனங்களுக்குத் தெரிவதற்குத்தான்" என்பது அந்தச் சொல்லுக்கு வேண்டியவர்கள் சொன்ன சமாதானம். இதில் பாதி உண்மை இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பலர் அந்தச் சொல்லை அப்படித்தான் வாசித்தார்கள். எதிர்த்தரப்பின் கேள்வி எளிமையானது: "சைவம்தான் சொல்ல வேண்டும் என்றால் சைவம் என்றே எழுதிவிட்டுப் போங்களேன். அதற்கு ஒரு சாதியின் பெயர் எதற்கு?" இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் எனக்குத் தெரிந்து யாரும் சொல்லவில்லை.

சுவைக்கும் சாதிக்கும் சம்பந்தமில்லை என்பதற்குச் சாட்சியும் அதே பேட்டையிலேயே இருந்தது. திருவல்லிக்கேணி என்றால் சாம்பாரில் மிதக்கும் இட்லி. அந்தச் சாம்பாருக்குப் பேர்போன ரத்னா கபேயை 1948-ல் தொடங்கியது வட இந்தியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம்! தமிழ்நாட்டுக்குச் சாம்பார் ஊற்ற வடக்கிலிருந்து ஆள் வந்தார்கள். நாமும் மூக்கு முட்டக் குடித்தோம். பரம்பரை சமையல்காரர்தான் சமைக்க வேண்டும் என்ற வாதத்தை அந்த ஒரு வாளிச் சாம்பாரே முடித்துவிட்டது.

இன்று பலகைகளில் 'சைவம்', 'உயர்தர சைவ உணவகம்' என்று இருக்கிறது. 'சைவம்' என்பதும் ஒரு சமயத்தின் பெயர்தான். பார்த்தசாரதி கோயில் மாடவீதியில், திருநாமம் போட்ட பெரியவர் ஒருவர் 'சைவ ஓட்டல்' எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதில் உள்ள வேடிக்கையை யாரும் கவனிப்பதில்லை. இலங்கைத் தமிழர்கள் 'மரக்கறிச் சாப்பாடு' என்று சொல்வது இதைவிடப் பொருத்தமானது. இருந்தாலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு பலகை ஆளைச் சொன்னது. இப்போது பண்டத்தைச் சொல்கிறது.

கூடை வெளியே, ஆள் உள்ளே

இந்த மாற்றம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு நானே கண்ட ஒன்று. 1972 அல்லது 73 இருக்கும். கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சைவ ஓட்டல். குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கிற ஒரு ஆயா, வியாபாரம் முடிந்து காலிக் கூடையோடு வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் உள்ளே ஒரு சலசலப்பு. ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கல்லாவிலிருந்த முதலாளி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆயா, கூடையை வெளிய வச்சுட்டு வா. கைகால் கழுவிட்டு உள்ள வந்து குந்து." ஆயா கூடையை வைத்தார். குழாயடியில் கைகால் கழுவினார். எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்தார். அவருக்கும் அதே இலை, அதே சாதம். மூக்கைப் பொத்தியவர் ரசம் சாப்பிடாமலே எழுந்து போனார். முதலாளி அவரைத் தடுக்கவில்லை. ஆயாவை எழுப்பவும் இல்லை.

அந்த முதலாளி புரட்சிக்காரர் இல்லை. நெற்றி நிறைய விபூதி, சுவரில் சாமி படங்கள். மீன் கூடை உள்ளே வந்தால் கடைப் பெயர் கெடும் என்று அவர் கவலைப்பட்டது நியாயம். சைவ ஓட்டல் என்று சொல்லிக் காசு வாங்குகிறார் அல்லவா? ஆனால் அவர் கூடையையும் ஆளையும் பிரித்துப் பார்த்தார். அதற்கு முப்பது வருஷம் முன்பு வந்திருந்தால் கூடையோடு ஆளும் வெளியேதான் நின்றிருப்பார். சேரன்மாதேவி, ரயில்வே ஸ்டேஷன், 15-வது பிரிவு, 1957 மறியல் என்று பரீட்சைக்கு நாம் உருப்போட்டதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஆயாவை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்தது. இதை அன்றைக்கு நான் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். அப்பளம் இன்னொன்று கிடைக்குமா என்பதுதான் அன்றைய கவலை.

மணலில் பலகை இல்லை

ஓட்டலில் இத்தனை சண்டை நடந்தபோது, நூறு கஜம் தள்ளி மணலில் வேறு ஒரு சைவ விருந்து நடந்துகொண்டிருந்தது. தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல்! தூக்குவாளியோடு வருகிற பையன், காகிதப் பொட்டலம், காசு. அதற்குக் கதவும் இல்லை, கல்லாவும் இல்லை. வாங்குகிறவனிடம் யார் என்ன சாதி என்று கேட்க நேரமும் இல்லை.

மணலில் கூடியவர்கள் சாப்பிட மட்டும் கூடவில்லை. 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்த அந்த ஏப்ரலில் சென்னைக் கரையிலும் உப்புச் சத்தியாகிரகம் நடந்தது. நம் இலையில் முதலில் விழுகிற அந்தச் சிட்டிகை உப்புக்காகத் தடியடி பட்டவர்கள் இருக்கிறார்கள். உப்பு வரி 1947-ல்தான் போயிற்று. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மாணவர்கள் இதே மணலில் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, எங்கெங்கிருந்தோ சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்தன. யார் சமைத்தது என்று கேட்டுவிட்டு அங்கே யாரும் சாப்பிடவில்லை.

அரசாங்கமும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. காமராஜர் காலத்து மதிய உணவில் ஆரம்பித்து, 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு வரை, பள்ளிப் பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டது வயிற்றுக்கு மட்டுமான காரியம் இல்லை. 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அதுவும் சைவம்தான். யாரும் பலகையைப் பார்த்து வரிசையில் நிற்கவில்லை. விலையைப் பார்த்துத்தான் நின்றார்கள்.

இன்றைய மாணவர்களுக்கு

"அதெல்லாம் பழைய கதை சார், இப்ப யாரு சாதி பாத்து சாப்பிடறாங்க?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓட்டலைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. ஆனால் நீங்கள் ரூம் தேடி அலைந்த அனுபவத்தை நினைத்துப் பாருங்கள். 'வெஜிடேரியன் மட்டும்' என்று ஒரு டு-லெட் பலகை தொங்கும். அதை எழுதியவர் உண்மையிலேயே மீன் வாடையைப் பற்றி மட்டும் கவலைப்படலாம். அது அவர் வீடு, அவர் மூக்கு. ஆனால் கதவைத் தட்டினால், "தம்பி, நீங்க எந்த ஊரு? அப்பா பேரு என்ன? நீங்க என்ன ஆளுங்க?" என்று கேள்வி ஆரம்பித்தால், பலகை பண்டத்தைச் சொல்கிறது, வீட்டுக்காரர் ஆளைக் கேட்கிறார் என்று அர்த்தம். நான் வெங்காயம்கூடச் சாப்பிட மாட்டேன் என்று சத்தியம் செய்தும் வீடு கிடைக்காத பையன்களை எனக்குத் தெரியும். 1957-ல் ஓட்டல் பலகையிலிருந்து இறங்கிய சொல், எழுத்து மாறி வீட்டு வாசலில் ஏறியிருக்கிறதா என்பதைப் பார்க்கத் தெரிந்தவன்தான் வரலாறு படித்தவன்.

சைவம் சாப்பிடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. நானே இன்றும் அந்தச் சாப்பாட்டின் ரசிகன். கீரைக் கூட்டும் மிளகு ரசமும் உள்ள இடத்தில் எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். எது வேண்டுமானாலும் சாப்பிடுவதும் சாப்பிடாமல் இருப்பதும் அவரவர் உரிமை. பக்கத்து இலையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்து எழுந்து போகிற உரிமையைத்தான் நம் முன்னோர்கள் சண்டை போட்டுக் குறைத்தார்கள். அதைத் திரும்ப வளரவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பழைய மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பல மெஸ்கள் மூடிவிட்டன, பல பெயர் மாறிவிட்டன. அவற்றுக்கு ஆவணம் எதுவும் இல்லை. நம் ஞாபகம்தான் ஆவணம். நீங்கள் எந்த ஓட்டலில் சாப்பிட்டீர்கள், என்ன விலை, யார் பரிமாறினார்கள், யாரோடு உட்கார்ந்தீர்கள், எந்த வாசலில் உங்களை நிறுத்தினார்கள் என்று இரண்டு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சகோதரிகள் கட்டாயம் எழுத வேண்டும். அந்தத் திரைக்குப் பின்னால் நடந்தது எங்களுக்குத் தெரியாத வரலாறு. இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தது போல இதையும் மறந்துவிட வேண்டாம்.